ஜெர்மனிக் கக்கூசு

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் இறங்கும் பஸ்ஸில் என் பின்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் வாணியம்பாடி பாய் வீட்டு அம்மா. ஜெர்மனியில் மகனைப் பார்த்துவிட்டு வந்தவராம். மற்றவள் புளிமூட்டையோடு ஏறிய மலைக்காரப் பெண்.

"அங்க கக்கூசுல உக்காந்து பேப்பர் படிக்கிறாங்க" என்றார் அந்த அம்மா.

"பொம்பளைங்களுமா?"

"என் மருமக அரைமணி நேரம் உள்ளயே இருப்பா."

"யாரும் வந்துட மாட்டாங்களா?"

"தாப்பா இருக்குது. லைட்டும் எரியும்."

"வெளிச்சத்துலயா?"

"ஆமா. எப்ப வருதோ அப்ப போவலாம்."

மலைக்காரப் பெண் புளிமூட்டையைக் காலால் சீட்டுக்கடியில் தள்ளினாள்.

"நாங்க விடியறதுக்குள்ள போவணும். விட்டா, இருட்டுற வரைக்கும் அடக்கினு இருக்கணும்."

பிறகு தனக்குத்தானே மெதுவாகச் சொல்லிக்கொண்டாள்: "பத்து மணிக்கு வந்தா, பத்து மணிக்கே."