நான் எழுதிய கடைசிக் காட்சி

பள்ளிக்கூட நாடகம் என்றாலே ஒட்டுத்தாடி கழன்று விழும், ராஜா வசனத்தை மறந்துவிட்டுக் கூரையைப் பார்ப்பார். என் நாடகங்களில் அப்படி நடந்ததில்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். ஆண்டு விழா நாடகத்தை எழுதுவதும் நடத்துவதும் நான்தான். தாடியைக்கூட நானே ஒட்டிவிடுவேன்.

இந்த வருட நாடகம் ஒரு தகப்பனைப் பற்றியது. மகள் வீட்டை விட்டுப் போய்விடக் கூடாதென்று அவளை மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறான். மனம் கேட்காமல் திறக்கும்போது அவள் இறந்து கிடக்கிறாள். அந்த ஒரு முடிவுக்காகத்தான் மற்ற காட்சிகளை எல்லாம் எழுதினேன்.

மகள் வேடத்துக்குப் பதினொன்றாம் வகுப்பில் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தேன். வாயாடி என்றுதான் பள்ளியில் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவளுக்கு நடிப்பு வரும், அதை நான் என்றுமே மறுக்கவில்லை. முதல் ஒத்திகையிலேயே கையைத் தூக்கினாள்.

"சார், அவ எதுக்குச் சாகணும்? பின்னாடி பலகையத் தள்ளிட்டு ஓடிடட்டும். அப்பா திறந்து பார்த்தா வெறும் பெட்டி. அதுதான் சார் அவருக்குத் தண்டனை."

"நாடகத்த எழுதினது நீயா, நானா?"

"நீங்கதான் சார். அதான் எல்லாரும் பாடப்புத்தகம் மாதிரியே பேசுறாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். எட்டிப் பார்க்க வந்திருந்த தலைமையாசிரியையும் சிரித்தார். "பொண்ணு சொல்றது நல்லாத்தானே இருக்கு சார். மாத்திடுங்களேன்," என்றார்.

மாற்றினேன். நான் பிடிவாதக்காரன் அல்ல. அதற்குப் பிறகு பிள்ளைகள் ஒவ்வொரு வசனத்தையும் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். நான் நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருட நாடகத்தை அவளையே எழுதச் சொல்லலாம் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். நானும் நல்ல யோசனை என்றேன்.

தச்சர் பெட்டியைப் பிரமாதமாகச் செய்து கொடுத்தார். பின்பலகையைத் தள்ளினால் திறக்கும். அவள் திரைக்குப் பின்னால் நழுவிவிடலாம். பெட்டியைத் தூக்கும்போது பலகை ஆடாமல் இருக்க வெளியே ஒரு கொக்கி வைத்தார். "மேடையில வச்சதும் கொக்கிய எடுத்துடுங்க சார், மறந்துடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எதையும் மறக்கிறவன் அல்ல.

அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. சுண்ணாம்புத் தூசி பட்டாலே இழுக்கும் என்று அவள் அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். விழாவுக்கு முந்தின நாள் பெட்டியின் உட்புறம் வெளிறித் தெரிந்ததால் நானே வார்னிஷ் அடித்தேன். மூடியைச் சாத்தித்தான் வைத்தேன். வாடை மண்டபம் முழுக்கப் பரவினால் மற்றவர்களுக்குத் தொந்தரவு.

மேடை ஏறும்முன் அவள் இன்ஹேலரை என்னிடம் நீட்டினாள். "டிரஸ்ல பாக்கெட் இல்ல சார். நான் பின்னாடி வந்ததும் குடுத்துடுறீங்களா?" வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் உடையில் பை வேண்டாம் என்று தையல்காரரிடம் சொன்னதும் நான்தான். பை வைத்தால் துணி தொங்கிவிடும்.

திரைக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளை முன்னால் போய் நாடகம் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். பாவம், அவர்கள் ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை. மேடையில் தகப்பன் வேடக்காரன் அவளை உள்ளே தள்ளி, மூடியைப் பூட்டினான். பின்பலகை ஒரு முறை அசைந்தது. கொக்கி நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு தட்டினாள். முதலில் மெதுவாக, "சார்" என்று கூப்பிட்டுக்கொண்டு. பிறகு பலமாக. சபையில் ஒருவரும் இருமக்கூட இல்லை. ஒத்திகையில் அவள் இவ்வளவு நன்றாகத் தட்டியதே இல்லை.

தட்டுவது நின்றபோது நான் பலகைக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். கை நீட்டினால் எட்டும் தூரம். கையை நீட்டவில்லை. கொக்கியை விலக்க மறந்தேன் என்று என் வக்கீல் எழுதிவைத்திருப்பதை அடித்துவிடுங்கள்.

தகப்பன் வேடக்காரன் பூட்டைத் திறந்தான். வெறும் பெட்டியைப் பார்த்துப் பேச வேண்டிய வசனம் அவனுக்கு வரவில்லை. பெட்டியருகே அப்படியே உட்கார்ந்துவிட்டான். அப்படி உட்கார அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் திரையை இறக்கினேன்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அன்றைக்கு மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது, அவள் அம்மா உட்பட. அந்தக் கைதட்டல் என்னுடைய முடிவுக்குக் கிடைத்தது என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.