ஃபாரத்தில் ஒரு கேள்வி

"அக்கா, எனக்கு இப்போ புருஷன் இருக்காரா, இல்லையா?"

பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும் ஃபெரியில், எனக்கு முன்வரிசையில் இரண்டு பெண்கள். கேட்டவருக்கு ஐம்பது வயது இருக்கும். மடியில் நிரப்ப வேண்டிய பென்சன் ஃபாரம் வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த மூத்தவர் சிரித்துவிட்டார்.

"காலையில யாருக்கு நாசிச் சோறு கட்டிக் குடுத்தே?"

"அவருக்குத்தான். ஆனா இதுல, மறுபடி கல்யாணம் ஆச்சான்னு கேட்டிருக்கு."

"கோயில்ல தாலி கட்டினதோட சரி, பதிவு பண்ணலதானே? அப்போ கல்யாணம் இல்லைலா."

"அப்போ என் கழுத்துல இருக்கிறது என்னக்கா?"

மூத்தவர் ஃபாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கல்யாணம்னு எழுதினா, இறந்துபோன என் முதல் புருஷனோட ஆர்மி பென்சன் நின்னுடும்னு மாமா சொல்றாரு. இப்போ சட்டம் மாறிடுச்சு, நிக்காதுன்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றாரு."

"பென்சன் ஆபீஸ் கவுண்டர்ல கேளேன்."

"ஏன் கேக்குறேன்னு திருப்பிக் கேப்பாங்களே!"

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?"

"இல்லைன்னே போடு, எனக்கு ஒன்னும் இல்லைங்கிறாரு. சொல்லிட்டு ராத்திரி சாப்பிடாம படுத்துட்டாரு."

இளையவர் தன் பெயரையும் ஐசி அடையாள அட்டை எண்ணையும் எழுதினார். மறுகல்யாணக் கேள்வி வந்ததும் பேனாவை மூடிவிட்டார். ஃபெரி கரையை நெருங்கியது. எல்லோரும் எழுந்தோம்.

"கவுண்டர்ல பொம்பளையா இருந்தா உள்ளதைச் சொல்லிடுறேன்க்கா" என்றார். "ஆம்பளையா இருந்தா, இதே ஃபெரியில திரும்பிடலாம்."