லூமுட்டுக்குப் போகாத பிரதிகள்

இந்த விசாரணை அறையில் ஏர்கோன் கொஞ்சம் அதிகம், மேடம். எனக்குப் பரவாயில்லை. ஜெலாப்பாங் டயாலிசிஸ் நிலையத்தில் சர்வர் அறையும் இப்படித்தான் இருக்கும். அதற்குள் உட்கார்ந்தே என் வயதில் பாதி போயிற்று.

அந்த நிலையம் டாக்டர் அழகப்பனுடையது. நோயாளிகளின் விவரமெல்லாம் ஒரே டேட்டாபேசில் இருந்தது: யாருக்கு எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், யாருக்கு எந்த ஊசி, யாருக்கு எது ஆகாது. மாலையில் அதை ஒரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, சாப்பாட்டுப் பையில் போட்டு, செமோரில் என் வீட்டுக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. கட்டடமே எரிந்தாலும் விவரம் பிழைக்கும். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் மகன் பையில் ஒரு மருத்துவ நிலையமே இருந்தது. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

பிறகு டாக்டரின் மருமகன் அருண்பிரகாஷ் மெல்பர்னில் படிப்பை முடித்து வந்தார். என் பையைப் பார்த்துச் சிரித்தார்.

"பாலா அண்ணே, டேட்டா சம்பலோட ஊர்வலம் போகுதா?" என்றார். "இனிமே எல்லாம் ஆட்டோமேட்டிக்லா. ஆளில்லாத நேரத்துல புரோகிராம் தானா பேக்கப் எடுத்து, லூமுட் கிளை கம்ப்யூட்டர்ல இருக்கிற ஷேர் ஃபோல்டர்ல போட்டுரும். காலைல நம்ம வாட்ஸ்அப் குரூப்ல சொல்லிரும். நீங்க நிம்மதியா இருங்க."

நிம்மதி என்று அவர் சொன்னது வேன் ஓட்டும் வேலையை. சம்பளத்தைக் குறைக்கவில்லை, டாக்டர் நல்லவர். முன்பு என்னைக் கம்ப்யூட்டர் சார் என்றவர்கள் வேன் அண்ணே என்றார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

செமோர் பக்கத்துப் பழைய தோட்டத்து ஆட்களை டயாலிசிஸுக்கு ஏற்றி வருவேன். முன் இருக்கை காளியம்மாவுக்கு. என் அம்மாவோடு ஒரே நிரையில் மரம் வெட்டியவர். வாய் சும்மா இருக்காது. "என்னடா பாலா, டாக்டர் செட்டியார் வீட்டு மாப்பிள்ள உன் நாற்காலியப் புடுங்கிட்டாராமே? எனக்கு மெஷின் ரத்தம் ஓட்டுது, உனக்கு மெஷின் சோத்தத் தின்னுது" என்று வேனே சிரிக்கும்படி சொல்வார். நானும் சிரித்தேன்.

தீபாவளி முடிந்து சில வாரம் கழித்து, மருந்துப் பெட்டிகளை இறக்க லூமுட்டுக்குப் போனேன். அங்கே அலுவலகம் பார்க்கும் சரளா, கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, பாருங்கள் என்றார். ஷேர் ஃபோல்டரைத் திறந்தேன். கடைசிப் பிரதி தீபாவளிக்கு முந்தியது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. தீபாவளி விடுமுறையில்தான் பாஸ்வர்டை மாற்றினோம் என்றார் சரளா. என் கைப்பேசியில் அன்று காலைச் செய்தி இருந்தது: பேக்கப் வெற்றி.

புரிந்துகொள்வது கடினமில்லை. புரோகிராம் தினமும் லூமுட் வாசல்வரை போகிறது. பழைய பாஸ்வர்டைச் சொல்கிறது. கதவு திறப்பதில்லை. திரும்பி வந்து, கொடுத்துவிட்டேன் என்கிறது. போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுப் பார்க்கும் வரியை அருண்பிரகாஷ் எழுதவில்லை. நினைத்ததெல்லாம் நடந்தே பழகியவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

"என்ன அண்ணே, வைரஸா?" என்றார் சரளா.

"ஒண்ணுமில்லம்மா, குப்பை சேர்ந்துபோச்சு" என்றேன்.

மறுநாள் காலை வெற்றிச் செய்திக்கு எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். நானும் போட்டேன். அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை. நான் எதையும் அழிக்கவில்லை, மேடம், எதையும் மாற்றவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்தை ஒட்டித்தான் காளியம்மாவுக்கு ஹெப்பாரின் ஆகாது என்று தெரிந்தது. மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஊசி அது. மூச்சு நின்றுவிடும்போல ஆயிற்று. நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் டேட்டாபேசில் அவர் பெயருக்கு நேரே சிவப்புக் குறி போட்டார். அதோடு அந்த ஊசி நின்றது.

சீனப் புத்தாண்டுக்குப் பிறகு ஒரு சாயங்காலம் இடி விழுந்து சர்வர் போயிற்று. இடியை நான் வரவழைக்கவில்லை. அருண்பிரகாஷ் சரளாவுக்குப் போன் செய்து, கடைசிப் பிரதியை அனுப்பச் சொல்லி, விடிவதற்குள் ஏற்றிவிட்டார். தேதியைப் பார்க்கவில்லை. வெற்றி என்று தினமும் செய்தி வரும்போது தேதியை யார் பார்ப்பார்கள்?

திரை வெறுமையாக வந்திருந்தால் எல்லோரும் பயந்திருப்பார்கள். பழைய பிரதி அப்படி வராது. பெயர், வயது, எடை எல்லாவற்றோடும் நிதானமாக வந்து நின்றது. டாக்டர் மருமகனின் தோளில் தட்டிக்கொடுத்தார். சிவப்புக் குறி அதில் இருக்காது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

முதல் ஷிஃப்ட்டில் எல்லோரும் பழைய நோயாளிகள். மதியம் புதியவர்கள் வந்து, அவர்கள் பெயர் இல்லாதபோது விஷயம் வெளிப்பட்டுவிடும். அருண்பிரகாஷ் "ஐயோ, சின்ன மிஸ்டேக்லா" என்று சிரித்துவிட்டு, ஒரு பாஸ்வர்டை மாற்றிவிட்டுப் போய்விடுவார். அவர் சிரிக்க முடியாத அளவுக்கு ஏதாவது நடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

தர்ஷனா அந்த வாரம்தான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த மிஸி. அந்தப் பெண் ஊசியை எடுத்ததும் காளியம்மா தடுத்தார்.

"மிஸி, எனக்கு அது ஆகாதுலா. தைப்பூசத்தப்ப செத்துப் பொழைச்சேன்."

தர்ஷனா திரையைப் பார்த்தாள். "இங்க ஒண்ணும் போடலையேம்மா. ஹெப்பாரின் கொடுக்கணும்னுதான் இருக்கு."

"அந்தப் பொட்டிக்கு என்ன தெரியும்? தோ, பாலா நிக்கிறான். அவன்தான் அன்னிக்கி என்னைத் தூக்கிட்டு ஓடுனான். அவனக் கேளு."

ஊசி பிடித்த கை அப்படியே நின்றது. "அண்ணே? டாக்டரக் கூப்பிடவா?" என்றாள்.

நான் சக்கர நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தேன். "வேணாம்மா. சிஸ்டம் சரியாத்தான் இருக்கும். அம்மாவுக்கு மருந்துப் பேரெல்லாம் குழப்பம்" என்றேன்.

காளியம்மா என்னைத் திட்டவில்லை. "அப்ப நான்தான் மறந்துட்டேனாடா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன். கையை நீட்டினார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. கொஞ்சம் நடுக்கம் வரும், விசாரணை வரும் என்றுதான் நினைத்திருந்தேன். மரணம் என் திட்டத்தில் இல்லை. அருண்பிரகாஷ் இப்போது நிலையத்துக்கு வருவதில்லை. தர்ஷனாவையும் வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்களாம். பாவம்தான், இருந்தாலும் ஒரு மிஸி நோயாளி சொல்வதைக் காதில் வாங்க வேண்டும்.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள், மேடம். ஒரு வேன் டிரைவர் பேச்சை அங்கே யார் கேட்டிருப்பார்கள்?