பிள்ளையார் வயிறு

காப்பியெல்லாம் வேணாம் மருது, விடு. தண்ணி குடு போதும். திருப்பத்தூர்ல பஸ் ஏறும்போதே ஒரு டீயக் குடிச்சுட்டுத்தான் ஏறுனேன். அழகி, நீ அடுப்பப் பத்த வைக்காத ஆத்தா. உங்க அக்கா நல்லாத்தான் இருக்கா. நானும் வாறேன்னுதான் நின்னா, நான்தான் வேணாம்னுட்டேன். அக்காளும் தங்கச்சியும் பாத்ததும் கட்டிப் பிடிச்சு அழ ஆரம்பிச்சுருவீக. நான் சொல்ல வந்தது அந்த அழுகையிலயே போயிரும்.

என்னடா அப்படிப் பாக்குற? அண்ணன் இளைச்சுட்டேனா? ஆமா. கண்ணாடியப் பாக்குறதையே விட்டுட்டேன். நீயும் நானும் மொகம் பாத்துப் பேசிப் பன்னெண்டு வருசமாச்சுல்ல. கும்பாபிஷேகப் பத்திரிகையில மருதுபாண்டிங்கிற பேரு மேலயும் சேவுகப்பெருமாள்ங்கிற பேரு கீழயும் வந்துருச்சுன்னு நான் குதிச்ச குதி இருக்கே. மூத்தவன் நான் இருக்கையில எளையவன் பேரு எப்படி மேல வரும்னு. அச்சாபீஸ்காரன் செஞ்ச கூத்துன்னு நீ சொன்ன, நான் கேக்கல. சரி, அதப் பேச வரல.

இல்லடா, வரப்புத் தகராறும் இல்ல. என் மகன் ஆகாஷுக்கு முடியல. அவனுக்கு வயித்துக் கோளாறுன்னு ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம்ல, அது வயிறு இல்ல. ஈரலு. வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு மூடி வச்சோம். பொறக்கும்போதே கூட வந்த கோளாறு. எட்டு வயசுல, நீயும் நானும் பேச்ச விட்டப்புறந்தான், மதுரையில ஒரு டாக்டரம்மா கண்டுபிடிச்சாக.

எப்படிச் சொல்ல. நம்ம வீட்டுல நெல்லு கொட்டி வைக்கிற குதிர் இருந்துச்சுல்ல, அதான் ஈரலுன்னு வச்சுக்க. நாம திங்கிறதுல மிஞ்சுற சர்க்கரையச் சேத்து வச்சுக்கிட்டு, வயிறு காயும்போது எடுத்து விடுமாம். இவன் ஈரலுக்குச் சேத்து வைக்கத் தெரியும், எடுத்துக் குடுக்கத் தெரியாது. உள்ள போன நெல்லு உள்ளயே கெடக்கு, வீட்டுல இருக்கவுக பட்டினி. குதிர் மட்டும் பெருத்துக்கிட்டே போகுது.

மருந்துன்னு பெரிசா ஒண்ணும் இல்ல. மக்காச்சோள மாவு. காய்ச்சக் கூடாது, பச்சையாத் தண்ணியில கரைச்சுக் குடிக்கணும். அது மெதுவாச் செரிக்கிறதால சர்க்கரை எறங்காம நிக்கும். ராத்திரியும் விடக் கூடாது. முன்சாமம் உங்க மதினி எந்திரிப்பா, பின்சாமம் நான். ஒரு கல்யாணங்காச்சின்னு போயித் தங்குனது கெடையாது. அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடியே முழிச்சுருவேன், தூங்கிட்டமோன்னு மணியப் பாப்பேன். மாவக் கரைச்சுக்கிட்டே நின்னமேனிக்குத் தூங்கியிருக்கேன்டா. அலுத்துப் போச்சு மருது. பெத்த பிள்ளைய அப்படிச் சொல்லக் கூடாது, ஆனா அலுத்துத்தான் போச்சு.

இப்ப ஈரல்ல கட்டி. இந்தக் கோளாறு உள்ளவுகளுக்கு வயசு ஏற ஏற வரக் கூடியதுதானாம். நாலஞ்சு இருக்கு, அதுல ஒண்ணு பொல்லாததா மாறிருச்சு. வெளிய எங்கிட்டும் பரவல. ஆனா இனிமே வச்சுப் பாக்கக் கூடாது, ஈரலையே மாத்தணும்னுட்டாக.

ஏன்டா வேர்க்குது? காத்தாடியப் போடு. அழகி, நீ எதுக்கு அவன் பக்கத்துல வந்து ஒட்டிக்கிட்டு நிக்கிற? உன் புருசன் ஈரலக் கேட்டு வரல நான். உங்க அக்கா குடுக்குறா. எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, சேருதுன்னுட்டாக. ஆடி முடிஞ்சதும் ஆப்பரேசன். காசும் கேக்க வரல, மூஞ்சிய நேரா வைங்க ரெண்டு பேரும்.

போன வாரம் பிள்ளையார்பட்டிக்கு வந்தீகல்ல. நானும் வந்துருந்தேன், இந்த ஆப்பரேசன் நல்லபடியா முடியணும்னு. ஒரு தூணுக்கு அங்குட்டு நின்னேன், நீ பாக்கல. பாத்துருந்தாலும் மொகத்தத் திருப்பிக்கிட்டுத்தான் போயிருப்ப. கீர்த்தி உன் தோள் மேல இருந்துச்சு. கோயில் கோயிலா ஏறி எறங்கிப் பெத்த பிள்ளை, நான் பாத்தது அன்னைக்குத்தான். ஆசையாத்தான் பாத்தேன். கன்னம் ரெண்டும் பொம்மைக்கு மாதிரி உப்பலா, கையும் காலும் குச்சியா, வயிறு மட்டும் முன்னால தள்ளிக்கிட்டு. பூக்காரம்மா சொல்லுச்சுல்ல, உள்ள ஒரு பிள்ளையாரு, வெளிய ஒரு பிள்ளையாருன்னு. நீ சிரிச்ச.

ஆகாஷையும் அப்படித்தானடா கொஞ்சுனோம். யூகேஜில பிள்ளையார் வேசம் போட்டானே, ஞாபகம் இருக்கா? வயித்துக்குத் துணி வச்சுக் கட்டவே வேணாம்னு டீச்சர் சொன்னாகன்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவன் நீதான். மொதப் பரிசு குடுத்தாக. அந்த வயித்துக்குத்தான் குடுத்தாக.

கோவப்படாத. உக்காரு. கீர்த்திக்கு அது இருக்கக் கூடாதுன்னுதான் நானும் கும்புட்டுக்கிட்டு வாறேன். ஆனா கேளு. அப்பன் பக்கமும் ஆத்தா பக்கமும் ரெண்டுலயும் இருந்தாத்தான் பிள்ளைக்கு வருமாம். ரெண்டு பேரும் நல்லாத்தான் இருப்பாக, பிள்ளைக்குத்தான் வந்து விடியும். ஆகாஷுக்குக் கண்டுபிடிச்ச அன்னைக்கே, சொந்தத்துலயா கட்டுனீகன்னு டாக்டரம்மா கேட்டாக. அத்தை மகதான்னேன். கூடப் பொறந்தவுக இருக்காகளான்னாக. அன்னக்கிளிதான் சொன்னா, இவுக தம்பிக்கு என் தங்கச்சியத்தான் கட்டியிருக்குன்னு. அந்தம்மா பேனாவக் கீழ வச்சுட்டாக. அவுகளுக்குப் பிள்ளை இருந்தா உடனே பாக்கணுமேன்னாக. அப்ப உங்களுக்குப் பிள்ளை இல்ல, பொறந்தப்புறம் வந்து சொல்ல என் வீம்பு விடல. மொதல்லயே கண்டுபிடிச்சுட்டா நல்லா வச்சுக்கலாமாம். ஆகாஷுக்கு நாங்க எட்டு வயசு வரைக்கும் விட்டுட்டோம்.

எங்க பாப்பா? பால்வாடிக்குப் போயிருச்சா?

தூங்குதா? மணி ஒம்பதரை ஆச்சேடா. ராத்திரி எப்பச் சாப்பிட்டுச்சு? அதுக்கப்புறம் பால் கீல் ஒண்ணும் குடிக்கலயா? சரி, இதச் சொல்லு அழகி. காலையில எழுப்புனா கண்ணத் தொறக்காம நசநசன்னு அழுகுமா? கழுத்தெல்லாம் வேர்த்துக் கெடக்குமா? வாயில ஏதாச்சும் வச்சதும் தெளிஞ்சு வெளையாடப் போயிருமா?

சேட்டைன்னு நெனச்சீகளாக்கும், அது சர்க்கரை எறங்குறதுடா. நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்.

அழுகாத ஆத்தா, அழுகுறதுக்கு நேரம் இல்ல. இட்லி இருந்தா எடுத்து வை, இல்லன்னா சோறு. இந்தப் பையில குளுக்கோஸ் கெடக்கு, என் பையில எப்பவும் கெடக்கும். கண்ண முழிச்சா அதத் தண்ணியில கரைச்சுக் குடு. முழிக்கலைன்னா வாயில ஊத்தாத, அதக் கொழைச்சு உள்கன்னத்துல தடவிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். அப்படியே மதுரைக்கும் நான் கூட வாறேன், அந்த டாக்டரம்மாட்ட நான் பேசிக்கிறேன்.

என்னடா மரமா நிக்கிற? பத்திரிகையில உன் பேரே மேல இருந்துட்டுப் போகட்டும். மொதல்ல பிள்ளைய எழுப்பு.