புனிதா டீச்சர் பெயரில் கிண்ணம் வேண்டாம்

அவைத் தலைவர் அவர்களே, தோட்டப் பள்ளி மேலாளர் வாரியத் தலைவர் திரு. புவனேஸ்வரன் அவர்களே, துணைவி புனிதா டீச்சரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திரு. மாயாண்டி அவர்களே, தோட்டத்து மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் யோகேந்திரன். மந்தின் இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பேச்சாளர் வரிசையில் என் பெயர் கடைசியில் இருக்கிறது. மேடையேறும்போது, "சார், சுருக்கமா முடிச்சிக்குங்க, தேத்தண்ணி ஆறிடும்" என்று காதில் சொன்னார்கள். இத்தோட்டத்தில் எனக்கு எப்போதும் கடைசி இடம்தான். தேத்தண்ணி ஆறட்டும்.

எனக்கு முன் பேசியவர்கள் ஆசிரியை புனிதா இராஜமாணிக்கம் அவர்களைத் தீபம் என்றார்கள், தியாகி என்றார்கள். இத்தனை புகழ்ச்சியை ஒரே மேடையில் கேட்டால் எனக்குச் சந்தேகம் வருகிறது. அவர் உயிரோடிருந்தபோது இந்தச் சொற்கள் எங்கே இருந்தன? சனிக்கிழமை வகுப்புக்கு ஓர் அறை கேட்டு அவர் வாசலில் நின்றபோது எங்கே இருந்தன?

அந்த வகுப்பில் அவர் என்ன செய்தார்? வீட்டில் தமிழும் வெளியில் மலாயும் பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு, அறிவியல் சோதனைகளின் வழியாக ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். முதலில் கை செய்ய வேண்டும், பிறகுதான் வாய் பேச வேண்டும். அதுதான் அவர் முறை.

அதையும் நான் நம்பவில்லை. ஆண்டுக்கொரு புதிய திட்டம் வருகிறது, பேனர் கட்டுகிறார்கள். ஆரம்பப் பள்ளி முடித்துப் படிவம் ஒன்றில் என்னிடம் வந்து உட்காரும் பிள்ளையோ ஆங்கிலத்தில் வாய் திறப்பதில்லை. ஆகவே ஒரு சனிக்கிழமை சொல்லாமல் போய்ப் பார்த்தேன்.

ரப்பர்க் கொட்டையைச் சிமெந்துத் தரையில் தேய்த்து, சூடேறியதும் அடுத்தவன் கையில் வைத்துவிட்டு ஓடுவோமே, நினைவிருக்கிறதா? அதற்காக அடி வாங்கியவர்கள் இந்த மண்டபத்தில் நிறைய இருக்கிறீர்கள். அன்றைக்கு அதுதான் பாடம். பிள்ளைகள் சிமெந்திலும் பலகையிலும் ஈரத்தரையிலும் குந்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பானாஸ் லா டீச்சர், சுடுது. என்னோடதுதான் ரொம்ப சூடு."

"உனக்கு எப்படித் தெரியும்? அவனோடத தொட்டுப் பாத்தியா?"

தொட்டார்கள், மாற்றிக்கொண்டார்கள், சண்டை பிடித்தார்கள். சண்டை முற்றி, சொல்லியே ஆகவேண்டும் என்று துடித்த நேரத்தில்தான் அவர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். பசித்தவன் சோற்றை வாங்குவது போல் வாங்கிக்கொண்டார்கள். அப்போது ஒரு பிள்ளையின் தாய் வள்ளியம்மா வாசலில் நின்று கேட்டார்:

"ஏன் டீச்சர், கொட்ட தேய்க்கவா புள்ளைய அனுப்புனேன்? இங்லீஷ் எப்ப வரும்?"

"வாங்கக்கா, நீங்களும் ஒண்ணு தேயுங்க. கோவத்துல தேய்ச்சா சீக்கிரம் சூடாவும்."

வள்ளியம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அன்று முதல் அந்த வகுப்பை நான் சந்தேகிக்கவில்லை.

பிறகு வந்தது போன ஆண்டின் வட்டார அறிவியல் விழா. வாரியத்தின் ஏற்பாட்டில், சிரம்பான் நகரில் ஒரு கடையில் செய்த மின்சார மாதிரி ஒன்றும், மனப்பாடம் செய்ய ஆங்கில உரை ஒன்றும் தயாராக இருந்தன. புனிதா டீச்சர் இரண்டையும் மறுத்தார். ஐந்தாம் ஆண்டு மாணவி ரோகினி, கை நிறைய ரப்பர்க் கொட்டையோடு போனாள். நடுவர் கேள்வி கேட்டதும் தரையில் குந்தித் தேய்த்து, "சார், கிவ் ஹேண்ட்" என்றாள். சூடான கொட்டையை வைத்ததும், நீட்டிய கையை நடுவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். "ஒய் ஹாட், சார்? யூ ட்ரை" என்று அவரிடமே ஒரு கொட்டையைக் கொடுத்தாள். கழுத்துப்பட்டை கட்டியவர் குந்துவாரா? பரிசு பக்கத்து மேசையில் ஒப்பித்த பிள்ளைக்குப் போனது. அந்தப் பிள்ளையிடம் நான் எளிய ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டேன். அது திரும்பித் தன் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தது.

திரும்பி வரும் வேனில் நானும் இருந்தேன். வாரியத் தலைவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

"மானத்த வாங்கிட்டீங்க டீச்சர். ஜட்ஜ் கைய சுட்டா கப்பா குடுப்பாங்க?"

"கைய இழுத்துக்கிட்டாருல்ல தலைவரே? அப்ப அவருக்கும் பாடம் புரிஞ்சிருச்சு லா."

அடுத்த மாதமே சனிக்கிழமை வகுப்பு நடந்த பள்ளி அறை நாற்காலிகள் அடுக்கும் இடமானது. அவர் கோயில் கொட்டகைக்குப் போனார். மழை பெய்தால் வகுப்பு இல்லை. பிள்ளைகள் குறைந்தார்கள். இம்மாதத் தொடக்கத்தில் மாரடைப்பு வந்து அவரும் போய்விட்டார்.

இப்போது உங்கள் கையிலுள்ள அழைப்பிதழின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'ஆசிரியை புனிதா நினைவுச் சுழற்கிண்ணம். ஆங்கில அறிவியல் ஒப்புவித்தல் போட்டி.' ஒப்புவித்தல். யார் தேர்ந்தெடுத்த சொல் இது? அவர் எதை மறுத்தாரோ, அதை அவர் பெயராலேயே நடத்தினால் இனி யாரால் மறுக்க முடியும்? இது மரியாதையா, வாயடைப்பா? தெரியாமல் நடந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

என்ன வாரியத் தலைவரே, இது இரங்கல் கூட்டம், வாரியக் கூட்டம் இல்லை என்கிறீர்களா? வாரியக் கூட்டத்தில் எனக்கு நாற்காலி போட்டிருந்தால் அங்கேயே கேட்டிருப்பேன். கிண்ணம் வேண்டாம். அந்த அறையைத் திருப்பிக் கொடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

அன்பர்களே, புனிதா டீச்சரைப் போல் பிள்ளைகளோடு சிரிக்க எனக்கு வராது. பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்காது என்பதும் தெரியும். ஆனாலும் அவர் விட்ட வகுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். வரும் சனிக்கிழமை காலை நான் அங்கே இருப்பேன். அறை திறந்திருந்தால் உள்ளே நடக்கும், பூட்டியிருந்தால் வாசலில் நடக்கும். ஒப்பிக்கச் சொல்ல மாட்டேன்.

இன்னும் சற்று நேரத்தில் நாம் எழுந்து மௌனமாக நிற்போம். பிறகு கலைந்து போவோம். உங்களில் எத்தனை பேர் சனிக்கிழமையை நினைவில் வைத்திருப்பீர்கள் என்று எனக்கு உறுதியில்லை. அவருக்கு மாலை கொண்டுவர வேண்டாம். பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போங்கள்.