பின்னால இருக்கற இடது பொட்டி

அலோ... ஸ்டுடியோ விக்னேசுதான?... நான் சோபியா அம்மா பேசறேன்பா... ஆமா ஆமா, போன மாசம் சர்ச்சில கல்யாண வீடியோ எடுத்தியே, அந்த சோபியாதான்... வந்துச்சிபா, பென்டிரைவு வந்துச்சி. படம் கண்ணாடி மாதிரி இருக்குது. சத்தம்தான் பேஜாரு...

சொல்றத கேளு. எங்கூட்டுக்காரரு நேத்து ஹோம் தியேட்டரு வாங்கினு வந்துட்டாரு. முன்னால மூணு ஸ்பீக்கரு பொட்டி, கீழ டம்முடம்முனு ஒரு பெரிய பொட்டி, பின்னால இடது பக்கம் ஒன்னு... வலது பக்கத்துக்கு ஒயரு பத்தல, இன்னும் மாட்டல... காலைல போட்டா, பின்னால பொட்டியில என் குரலு பேசுது...

டிவியில பாத்தப்ப பாட்டுல அமுங்கி இருந்திச்சிபா, இதுல தனியா கேக்குது... இன்னா பேசினனா? தட்டுல வெச்சி மந்திரிச்சாங்களே, மாப்ள வீட்டு சேலை... ஆங், அத தேய்ச்சி பாத்தேன். ஆரணியில பொறந்துட்டு பட்ட தொட்டா வெரலு சும்மா இருக்குமா... நாத்தனார் கிட்டதான் சொன்னேன், 'ஜரிகை டூப்பு'ன்னு... நீ ஏன்பா சிரிக்கற. ஃபாதர் 'சம்மதமா'ன்னு கேக்கறாரு, எம்பொண்ணு வாய தொறக்கறதுக்குள்ள பின்னால இருந்து 'டூப்பு'ன்னு வருது...

மறுவீட்டு விருந்துக்கு சம்பந்திங்க வந்தவாசியில இருந்து கெளம்பிட்டாங்க. சாப்ட்டதும் வீடியோ போடணும்னு இவரு சொல்லிட்டாரு. எம்பொண்ணு அந்த வீட்ல வாழணும்பா...

இன்னாது? உன் கம்ப்யூட்டர்ல சத்தம் ஆறு கோடா இருக்குதா?... ஒரு பொட்டிக்கு ஒரு கோடு. சரி சரி. அந்த ஒன்ன மட்டும் மூடிடலாமா? நீ நல்லா இருப்ப. மூடு, மூடிட்டு ஃபோன்லயே போட்டு காட்டு...

ம்... ம்... டேய், ஃபாதர் குரலே காணோம், நான் மட்டும் 'டூப்பு'ங்கறேன்... நடுவுல இருக்கறத மூடிட்டியா. ஜல்தியா தொற சாமி...

ஆங், இப்ப சரி. நான் இல்ல... அப்புறம் தாலி கட்டற எடம் போடு... இன்னாபா இது, சப்புனு இருக்குது? காலைல கேட்டப்ப நான் அழுதது இருந்துச்சே... அதுவும் அதே கோடா?... நான் அழுதேன், இவரு மூக்க சிந்தினாரு. இருவத்தஞ்சி வருசத்துல இவரு அழுது நான் பாத்ததே இல்ல. அது வேணும்பா... முழுசா மூட வேணாமா? அந்த எடத்த மட்டும் மூடலாமா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா...

வலது பக்கமா? அது ஏன் மூடி இருக்குது?... யாரு சொன்னாங்க?... இன்னாசியம்மாவா? என் சம்பந்தியா?... நேத்தா?... அவங்க இன்னா பேசினாங்க?... சொல்ல மாட்டியா. யார் கிட்டயும் சொல்ல மாட்டேன், ஒரே ஒரு தரம் போடு...

...

...'பொண்ணோட அம்மா தேய்ச்சி பாக்குது, கண்டுபிடிச்சிடுச்சி போலருக்கு'...

அய்யோ விக்னேசு... இருபா, சிரிச்சி சிரிச்சி கண்ணுல தண்ணி வருது... கடைக்காரன் ஏமாத்திட்டான்னு அவங்களே உங்கிட்ட சொன்னாங்களா? பாவம்... அதையும் மூடிடு, நல்லா இறுக்கி மூடு...

ஆனா அவங்களுக்கு எப்படி கேட்டுச்சி?... மாப்ள ஹெட்போன்ல கேட்டாரா... அப்ப இடது பக்கமும் கேட்டிருக்குமே... இன்னா, 'அது இருக்கட்டும், என்னுத மட்டும் மூடு'ன்னாங்களா...

இரு, வாசல்ல காரு நிக்குது... வாங்க வாங்க சம்பந்தியம்மா. ஏங்க, அவங்கள உள்ள கூப்புடுங்க... விக்னேசு, இவர அனுப்பறேன், பென்டிரைவு குடுத்துடு... கையில இன்னா சம்பந்தியம்மா, கவரு?... சோபியாவுக்கு சேலையா? இப்ப எதுக்குங்க... நானா? நான் எதுக்கு தேய்ச்சி பாக்கணும்...

விக்னேசு, அவங்க சிரிக்கறாங்கபா. வெச்சிடறேன்...