சிந்திய தானியம்

சிட்டுக்குருவிகளுக்குக் காலை ஆறரைக்குள் தீனி வைத்துவிட வேண்டும், ஐயா. கொஞ்சம் தாமதித்தாலும் கொய்யா மரத்தில் உட்கார்ந்து வீட்டையே இரண்டாக்கிவிடும். நான் இங்கே வந்து மூன்று நாளாகிறது. யாரையாவது அனுப்பி ஒரு கைப்பிடி கம்பு போடச் சொல்லுங்கள். டப்பா பின்வாசல் படியில்தான் இருக்கிறது.

பறவைகளை வரவழைத்தது என் மனைவி. மரத்தில் ஒரு மண்தட்டைத் தொங்கவிட்டாள். நிழலில் தண்ணீர்த் தொட்டி வைத்தாள். பத்து நாள் வரை ஒரு காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"அழைப்பிதழ் அச்சடிச்சுக் குடுக்கணுமோ?" என்று கேலி செய்தேன்.

"நீங்க முதல்ல அந்த இடத்த விட்டு நகருங்க. உங்க மூஞ்சியப் பார்த்தா எது வரும்?" என்றாள்.

நகர்ந்தேன், வந்துவிட்டன. முதலில் குருவிகள், அப்புறம் மைனாக்கள், புறாக்கள். தீனி போடுவது அவள் வேலை, பெருக்குவது என் வேலை. முப்பத்தொரு வருஷம் தானியக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். சிந்திய தானியத்தை அப்படியே விட்டால் பத்தாம் நாள் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். அதனால் தினமும் பொழுது சாய்வதற்குள் மரத்தடியை ஒரு தானிய மணிகூட மிச்சமில்லாமல் பெருக்கிவிடுவேன்.

ஒரு நாள் மத்தியானம் தட்டில் தானியம் நிரப்பிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது, அதில் குறையொன்றும் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் கேட் தெருப் பக்கமாகத் திறக்கிற கேட். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் கார் அதை ஒட்டினாற்போல் நின்றது, திறக்க வழியில்லை. தன் வாசலை நோயாளிகளின் வண்டிக்கு விட்டுவிட்டு, தன் வண்டியை எப்போதும் என் வாசலில்தான் நிறுத்துவார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆளுயரச் சுவர். அதன் மேல் எக்கி நின்று கூப்பிட்டேன். அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"பல்லு பாதி வந்துட்டுது சார், இப்ப விட முடியாது. அஞ்சே நிமிஷம்."

இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. வழியிலேயே அவள் போய்விட்டாள். அவள் கையை விரித்துப் பார்த்தபோது உள்ளே கம்பு இருந்தது.

டாக்டர் துக்கம் கேட்க வந்தார். "அவங்க நேரம் சார், நம்ம கையில என்ன இருக்கு?" என்றார். காரைப் பற்றி மூச்சு விடவில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அவரை வெறுத்தேன். அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அவருடைய மனைவி மட்டும் என் மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு "அண்ணி, அண்ணி" என்று அழுதது. என்னையும் எப்போதும் அண்ணா என்றுதான் கூப்பிடும்.

காரியங்கள் முடிந்த மறுநாளே தீனித் தட்டை மரத்திலிருந்து எடுத்து, டாக்டர் வீட்டுச் சுவரோரமாக மாட்டினேன். சுவரின் அடியில் மழைத்தண்ணீர் போக ஒரு துவாரம் உண்டு. அந்தப் பக்கம் துணி துவைக்கிற கல், அதையொட்டிப் பழைய செங்கல் குவியல். பெருக்குவதை நிறுத்தினேன். நான் செய்தது அவ்வளவுதான். பெருக்காமல் விடுவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இருக்காது.

ஒன்பதாம் நாளே எலி வந்துவிட்டது.

"அண்ணா, செங்கல் பக்கமெல்லாம் எலியா ஓடுது. தானியம் சிந்துதோ என்னவோ," என்று அந்த அம்மா ஒரு காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னது.

"பறவைங்க சிந்துறதும்மா. பெருக்கிடுறேன்," என்றேன்.

"பரவாயில்லண்ணா. அண்ணி போனப்புறமும் விடாம சாப்பாடு வைக்கிறீங்களே. உங்களுக்குப் பெரிய மனசு."

அன்று இன்னும் இரண்டு கைப்பிடி கூடவே போட்டேன். டாக்டர் அந்தக் கல் பக்கம் காலெடுத்து வைப்பதே இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் யாரைக் கடிக்க வேண்டும் என்று நான் பாம்புக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது அதன் போக்கில் வந்தது.

அந்த மாதமே ஒரு பழைய கார் வாங்கி என் வாசலில் நிறுத்தினேன். இந்த வயதில் எதற்கு என்று தெருவில் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். வேறு வழியில்லாமல் தன் காரைத் தன் கேட்டுக்கு உள்ளே நிறுத்த ஆரம்பித்தார். அவருடைய கேட்டும் தெருப் பக்கமாகத் திறக்கிறதுதான். இரண்டு வீட்டையும் ஒரே மேஸ்திரி கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். குருவிகள் தின்றுகொண்டிருந்தன. துவைக்கிற கல் பக்கமிருந்து அந்த அம்மா அலறியது கேட்டது. பாம்பு என்று ஒரே ஒரு சொல். கொஞ்ச நேரத்தில் டாக்டர் கேட்டைப் பிடித்து உலுக்கினார். என் வாசலில் நின்ற என் கார் இப்போது அதை ஒட்டினாற்போல் நின்றது.

"சார், காரை எடுங்க. உங்க காலைப் பிடிக்கிறேன் சார், காரை எடுங்க," என்று கதறினார்.

"அஞ்சே நிமிஷம் டாக்டர்," என்றேன். சாவியைத் தேடப் போனேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. வண்டி சரிவில் தானாக உருண்டுவிட்டது என்று முதல் நாள் உங்களுக்கு எழுதிக் கொடுத்தேன் அல்லவா, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அது தானாக உருளவில்லை. அலறல் கேட்ட பிறகுதான் நான் தெருவுக்கு வந்தேன்.

அக்கம்பக்கத்தார் கூடி அந்த அம்மாவைச் சுவர் மேலாகத் தூக்கி ஆம்புலன்சில் ஏற்றுவதற்கு எவ்வளவு நேரமானது என்று நான் கடிகாரம் பார்த்தேன். இருபத்தாறு நிமிடம். நான்கு நிமிடம் அதிகமாகிவிட்டது. அதற்கு மட்டும் எனக்கு வருத்தம் உண்டு.

இந்த மூன்று நாளாக நீங்கள் தானியத்தைப் பற்றியே கேட்கிறீர்கள். காரைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டிருக்கலாம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஐயா. விற்றவரிடம் கைப் பிரேக்கை எடுக்க மட்டும்தான் கற்றுக்கொண்டேன்.